செட்டிநாட்டுக்கு நாலு வயசுப் பிள்ளையோடு: ஸ்ட்ரோலர் வேண்டுமா, வேண்டாமா?

மகளுக்கு மூன்றரை வயசு இருக்கும்போது ஒரு தை மாதம் சென்னையிலிருந்து காரைக்குடிக்கு, பிள்ளையை உட்காரவைத்துத் தள்ளும் ஸ்ட்ரோலர் வண்டியோடு வந்து இறங்கினேன். தெருவுக்குள் நுழைந்ததுமே திண்ணையில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டார்கள்: "ஏன் ஆத்தா, பிள்ளைக்குக் காலுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல ஆச்சி. நடந்தா கால் வலிக்குமேன்னுதான்."

"அப்ப உன் கை வலிக்காதா, அதைத் தூக்கிட்டு அலைய?"

ஆச்சி சொன்னதுதான் நடந்தது. நான்கு நாளில் அந்த வண்டி ஓடியது மொத்தமாக இரண்டு மணி நேரம் இருந்தால் அதிகம். மீதி நேரமெல்லாம் திண்ணை ஓரம் நின்றது. இரண்டாம் நாள் யாரோ அதன் கைப்பிடியில் ஈரத் துண்டைக் காயப்போட்டார்கள். ஆனால் நான்காம் நாள் ஒரு கல்யாண வீட்டில் அதே வண்டி என் மானத்தைக் காப்பாற்றியது. அந்தக் கதையைப் பின்னால் சொல்கிறேன். அதன் பிறகு வண்டியோடும் வந்திருக்கிறேன், இல்லாமலும் வந்திருக்கிறேன். எங்கள் குடியிருப்பில் யார் செட்டிநாடு கிளம்பினாலும் என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். மூன்று முதல் ஐந்து வயசுப் பிள்ளையோடு முதல்முறை வருகிறவர்களுக்காக, நான் முடிவெடுக்கும் வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் படியை எண்ணுங்கள், கிலோமீட்டரை அல்ல

வெளியூர்க்காரர்கள் முதலில் கேட்பது "எவ்வளவு தூரம் நடக்கணும்?" என்றுதான். இந்த ஊருக்கு அந்தக் கேள்வி பொருந்தாது. செட்டிநாடு ஒரே ஊர் இல்லை. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் பல ஊர்கள் சேர்ந்தது. காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ தங்கிக்கொண்டு, காரில் ஏறி ஓர் ஊர், அங்கே அரை மணியோ முக்கால் மணியோ, மறுபடி கார், அடுத்த ஊர் என்றுதான் எல்லோரும் சுற்றுவார்கள். ஓரிடத்தில் தொடர்ந்து நடக்கும் தூரம் குறைவு. நாலு வயசுப் பிள்ளை தாராளமாக நடந்துவிடும்.

கஷ்டம் படியில்தான். செட்டிநாட்டு வீடு தெருமட்டத்தில் நிற்காது, மேடை போட்டு உயரத்தில் நிற்கும். தெருவிலிருந்து நாலைந்து படி ஏறினால் திண்ணை. அடுத்தது நிலைவாசல். பர்மாத் தேக்கில் இழைத்த அந்த நிலையின் கீழ்க்கட்டை பிள்ளையின் முழங்கால் உயரத்துக்கு வரும். அதைத் தாண்டினால் முகப்பு, அடுத்து இன்னொரு நிலை, அப்புறம் வளவு என்கிற உள்பகுதி. வளவின் நடுவே முற்றம் பள்ளமாக இருக்கும், அதில் இறங்க ஒரு படி. அதற்கும் பின்னால் இரண்டாம் கட்டு, அதற்கொரு நிலை. எங்கள் வீட்டில் தெருவிலிருந்து அடுப்படி வரை ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். ஏறுவதும் இறங்குவதும் தாண்டுவதுமாகப் பதினொன்று வந்தது. ஒவ்வொன்றிலும் வண்டியை நிறுத்தி, பெல்ட்டை அவிழ்த்து, பிள்ளையை இறக்கி, வண்டியைத் தூக்கிவைத்து, மறுபடி ஏற்ற வேண்டும். மூன்றாவது நிலையில் பிள்ளையே "நான் நடந்தே வர்றேன்" என்று சொல்லிவிடும்.

பிள்ளையை உட்காரவைத்தபடியே முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் பிடித்துத் தூக்கிப் படியேறுவதைச் சுற்றுலா வருகிறவர்கள் அடிக்கடி செய்கிறார்கள். செய்யாதீர்கள். முன்கம்பி தூக்குவதற்காக வைத்தது இல்லை, கழன்று கையோடு வந்துவிடும். அப்படி வருவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெல்ட் போட்டிருந்ததால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆகவே உங்கள் பயணத் திட்டத்தைத் தாளில் எழுதி, ஒவ்வோர் இடத்துக்கும் எதிரே படி உண்டா இல்லையா என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு உதவியாக, எனக்குத் தெரிந்த இடங்களைச் சொல்கிறேன்.

இடம் இடமாக

கானாடுகாத்தான். வண்டிக்கு இதைவிடத் தோதான ஊர் செட்டிநாட்டில் இல்லை. தெருக்கள் நேர்கோடு போட்டாற்போல அகலமாக இருக்கும், போக்குவரத்தும் குறைவு. ஒரு வீட்டின் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் அளவுக்கு வீடுகள் நீளம். காலை ஆறரையிலிருந்து எட்டு மணிக்குள் செட்டிநாடு அரண்மனைத் தெருவில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால், ஆட்டுக்குட்டியும் வாசல் கோலமும் பார்த்துக்கொண்டே பிள்ளை ராஜா மாதிரி வரும். வீடுகளுக்குள் நுழைவதாக இருந்தால் மேலே சொன்ன படிக்கணக்குதான்.

ஆத்தங்குடி. இங்கே இரண்டு வேலை: பெரிய வீட்டைப் பார்ப்பது, தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் (டைல்ஸ்) போடும் பட்டறையைப் பார்ப்பது. வீட்டுக்குள் வண்டியை எடுத்துப் போகவே நினைக்காதீர்கள். வெளியே செம்மண்ணில் உருண்ட சக்கரத்தோடு ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஏறுவது, செருப்போடு ஏறுவதற்குச் சமம். வீட்டுக்காரர்கள் வாய் திறந்து சொல்லத் தயங்குவார்கள், மனசுக்குள் வருத்தம் இருக்கும்.

பட்டறை வேறு விஷயம். அங்கே பிள்ளையை நடக்கவிடுவதுதான் சரி, கையை மட்டும் விடக் கூடாது. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்பு அச்சை வைத்து, அதன் அறைகளில் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை அப்படியே மேலே எடுத்தால் பூ நிற்கும். அதன்மேல் உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, பிறகு ஈரக் கலவையை நிரப்பி மட்டம் பார்த்து ஓரமாக வைப்பார்கள். அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் ஊறும். ஊறி முடித்து எடுத்தால் கல் கண்ணாடியை விட்டுக் கழன்று வரும், கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த முகம்தான் அந்தப் பளபளப்பு. என் மகள் அச்சு எடுக்கும் அந்த ஒரு நொடிக்காகவே இருபது நிமிஷம் அசையாமல் நின்றாள். வீட்டில் இரண்டு நிமிஷம் நிற்காதவள். வண்டியில் உட்கார்ந்திருந்தால் மேசைமேல் நடப்பது கண்ணுக்குத் தெரிந்திருக்காது. ஓரத்தில் சாத்திவைத்த கண்ணாடித் தகடும் தண்ணீர்த் தொட்டியும் பிள்ளைக் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும், அதனால்தான் கையை விடாதீர்கள் என்கிறேன்.

பிள்ளையார்பட்டி. காரைக்குடியிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். கார் நிறுத்துமிடத்திலிருந்து கோயில் வாசல் வரை சமதளம், குளக்கரையை ஒட்டி நடை. அதுவரை தள்ளலாம். வாசலோடு சரி, உள்ளே சக்கரம் போகக் கூடாது. அப்புறம் அந்த வண்டியை எங்கே விடுவது? செருப்புக் கடையில் விட்டேன் ஒருமுறை. திரும்பி வந்தபோது அதன் மடியில் ஏழெட்டு ஜோடி செருப்பு அடுக்கியிருந்தது. கடைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், பார்க்க அலமாரி மாதிரிதான் இருந்தது. காரிலேயே விட்டுவிட்டுப் பிள்ளையை நடத்திக் கூட்டிப்போவதுதான் நல்லது.

கோயிலில் நீங்கள் கவலைப்பட வேண்டியது கல்தரையின் சூட்டைப் பற்றி. குடைவரைப் பிள்ளையார் இருக்கும் உட்பகுதி குளுமை. வெளிப்பிரகாரத்துக் கல் பத்தரை மணிக்கே சுடத் தொடங்கிவிடும். பெரியவர்கள் குதித்துக் குதித்துத் தாண்டிவிடுவோம், பிள்ளை நடுவில் நின்று அழும். கெட்டியான பருத்திக் காலுறை ஒரு ஜோடி பையில் வையுங்கள். காலை எட்டுக்குள், அல்லது மாலை நடை திறந்த பிறகு வெயில் சாய்ந்ததும் போங்கள். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள்.

குன்றக்குடி. மலைமேல் சண்முகநாதர். படிதான். வண்டியை மறந்துவிடுங்கள். ஏறும்போது பிள்ளை உற்சாகமாக ஏறிவிடும், இறங்கும்போதுதான் "தூக்கு" என்று நிற்கும். தோளுக்கு வலு இருக்கும் ஆள் ஒருவர் கூட வரட்டும்.

திருமயம். காரைக்குடியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். 1687இல் ராமநாதபுரத்து மன்னர் சேதுபதி கட்டிய கோட்டை. படியும் சாய்ந்த பாறையும் கலந்த ஏற்றம், உச்சியில் பீரங்கி. இங்கே வண்டி மட்டுமில்லை, பிள்ளையைக் கைவிட்டு ஓடவிடுவதும் கூடாது. மழை பெய்திருந்தால் பாறை வழுக்கும், அன்றைக்கு மேலே ஏற வேண்டாம். பாறை அடிவாரத்தில் சிவனும் பெருமாளும் அடுத்தடுத்து இருக்கிறார்கள், அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகள். பீங்கானும் எனாமல் கிண்ணமும் மரப் பொம்மையும் தரையிலிருந்து கூரைவரை அடுக்கியிருப்பார்கள், நடுவில் ஒரு ஆள் நுழையத்தான் இடம். வண்டி நுழைந்தால் ஏதாவது ஒன்று உடையும், உடைத்ததற்குக் காசு கொடுக்க வேண்டும். பிள்ளையையும் இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கடையில் பழைய மர நடைவண்டியைப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுதான் அந்தக் காலத்து ஸ்ட்ரோலரா?" என்று மகள் கேட்டாள். இல்லை, அந்தக் காலத்தில் பிள்ளைதான் வண்டியைத் தள்ளியது என்றேன்.

அழகப்பா பல்கலைக்கழகத்தை ஒட்டிய சாலைகள், கம்பன் மணிமண்டபப் பக்கம், இங்கெல்லாம் மாலை நேரத்தில் வண்டி போகும். ஆனால் ஊர் பார்க்க வந்தவர்கள் அங்கே எத்தனை நேரம் செலவழிப்பார்கள்?

திருவிழாவுக்கு வருகிறீர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், வண்டி வேண்டாம். நாட்டரசன்கோட்டையில் செவ்வாய்ப் பொங்கல், பிள்ளையார்பட்டியில் சதுர்த்தி விழா, இப்படிப்பட்ட நாட்களில் கூட்டத்துக்குள் இடுப்புக்குக் கீழே இருக்கும் எதுவும் யார் கண்ணுக்கும் தெரியாது. பிள்ளை தோளில்தான் இருக்க வேண்டும். பொங்கலை ஒட்டிச் சிராவயலில் மஞ்சுவிரட்டு நடக்கும் நாளில் பிள்ளையோடு அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அடுத்து, உங்கள் பிள்ளையைச் சோதித்துப் பாருங்கள்

வயசை வைத்து முடிவெடுக்காதீர்கள். மூன்று வயசில் மலையேறும் பிள்ளையும் உண்டு, ஐந்து வயசில் தெருமுனையில் உட்கார்ந்துவிடும் பிள்ளையும் உண்டு. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு சனி, ஞாயிறு வண்டியைத் தொடாமல் வெளியே போய் வாருங்கள். கடைவீதி, பூங்கா, உறவினர் வீடு, எதுவானாலும் சரி. மூன்று விஷயம் பாருங்கள். முதல் "தூக்கு" எத்தனை நிமிஷத்தில் வருகிறது? தூக்கி ஐந்து நிமிஷம் ஆனதும் மறுபடி இறங்குகிறதா? மத்தியானம் தூங்காமல் இருந்தால் சாயங்காலம் என்ன ஆகிறது?

முதல் இரண்டுக்கும் வண்டி தேவையில்லை. உட்கார இடமும் ஒரு வாய் தண்ணீரும் கொடுத்தால் போதும், இந்த ஊரில் திண்ணைக்குப் பஞ்சமா? மூன்றாவதுதான் முக்கியம். மத்தியானத் தூக்கம் இல்லாமல் இருக்க முடியாத பிள்ளை, படுக்கையைத் தவிர வண்டியில்தான் தூங்கும் என்றால், வண்டி எடுப்பதற்கு அது போதுமான காரணம். பன்னிரண்டிலிருந்து நாலு வரை எப்படியும் வெயில், கோயிலும் சாத்தியிருக்கும். அந்த நேரம் தங்குமிடத்துக்குத் திரும்பிவிடுவதாகத் திட்டம் போட்டால் அந்தக் காரணமும் போய்விடும். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம். ஒரு நாளைக்கு ஆறு இடம் பார்க்கிறவர்களுக்கு இது பிடிக்காது.

எடையையும் பாருங்கள். வளர்ச்சி அட்டவணைப்படி 4 வயசில் நடுவான எடை 16 கிலோவை ஒட்டி வரும், உயரம் 100 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். பல ஸ்ட்ரோலர்களுக்கு 15 கிலோதான் எல்லை, சிலவற்றுக்கு 22. உங்கள் வண்டியின் கம்பியிலோ இருக்கைக்கு அடியிலோ ஒட்டிய சீட்டில் எழுதியிருக்கும். பிறந்தபோது வாங்கிய வண்டியை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தால், இங்கே மேடு பள்ளத்தில் முன்சக்கரம்தான் முதலில் போகும்.

நடப்பதில் சிரமமோ மூட்டுவலியோ மூச்சுத்திணறலோ உள்ள பிள்ளைக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. வண்டியைக் கட்டாயம் கொண்டுவாருங்கள். தங்குமிடத்தில் முன்கூட்டியே பேசி, படி குறைந்த பக்கவாசலை ஒட்டித் தரைத்தள அறை கேளுங்கள்.

எப்படி வருகிறீர்கள் என்பதும் ஒரு கேள்வி

ரயில் என்றால்: சென்னை எழும்பூரிலிருந்து வரும் பல்லவன் காரைக்குடியோடு முடிந்துவிடும், ஆகவே இறங்க அவசரமில்லை. காரைக்குடி வழியாக மேலே போகும் ரயில்கள் சில நிமிஷம்தான் நிற்கும். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பை, ஸ்ட்ரோலருக்கு மூன்றாவது கை வேண்டும். பெட்டியின் படி பிளாட்பாரத்தை விட்டு இடைவெளி விட்டு நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ரயில் வரும் முன்னாலேயே ஸ்ட்ரோலரை மடித்துக் கட்டிவிடுங்கள். ஐந்து வயசுக்குள் டிக்கெட் கிடையாது, தனி இருக்கையும் கிடையாது. அந்த ஆறேழு மணி நேரம் பிள்ளை உங்கள் மடியில்தான். நடைபாதையில் ஸ்ட்ரோலரை விரித்து உட்காரவைக்கலாம் என்று கணக்குப் போட்டால், காபி விற்கிறவர் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அதை மடிக்கவைப்பார். மடி தாங்காது என்றால் முழுக் கட்டணம் கட்டிப் பிள்ளைக்கும் இருக்கை எடுத்துவிடுங்கள்.

விமானம் என்றால் மதுரை அல்லது திருச்சி. இரண்டிலிருந்தும் காரைக்குடிக்குச் சுமார் 90 கிலோமீட்டர். விமான நிலையத்தில் வண்டி உண்மையிலேயே உதவும். இரண்டு வயசுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் இலவசமாக ஏற்றுவார்களா, வாசல்வரை தள்ளிக்கொண்டு போகலாமா என்று டிக்கெட் எடுக்கும்போதே விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

கார்தான் பெரிய விஷயம். இங்கே வந்தபின் எல்லாமே வாடகைக் கார். வாடகைக் காரில் எரிவாயு உருளை பொருத்தியிருந்தால் டிக்கியில் பாதி இடம் போய்விடும், மீதியில் இரண்டு பெட்டி வைத்தால் முடிந்தது. "டிக்கியில சிலிண்டர் இருக்காண்ணே?" என்று போனிலேயே கேளுங்கள். ஒருமுறை கேட்காமல் விட்டேன். மதுரையிலிருந்து காரைக்குடி வரை ஸ்ட்ரோலர் என் காலடியிலும் என் கால் இருக்கை மேலும் வந்தன.

பெரிய சாமான் ஒன்றுக்குத்தான் இடம் என்றால், ஸ்ட்ரோலரை விட்டுவிட்டுக் காருக்கான குழந்தை இருக்கையைக் கொண்டுவாருங்கள். இதைச் சொன்னால் பலரும் ஆச்சரியப்படுகிறார்கள். யோசித்துப் பாருங்கள்: இந்தப் பயணத்தில் பிள்ளை நடக்கும் நேரத்தைவிடக் காரில் இருக்கும் நேரம் அதிகம், அதிலும் பாதி நெடுஞ்சாலை. 14 வயசுக்குட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019ஆம் வருஷத்து மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் சொல்கிறது. அபராதம் போடுகிறார்களோ இல்லையோ, மடியில் வைத்த பிள்ளையை ஒரு திடீர் பிரேக்கில் கையால் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது.

வண்டி இல்லாவிட்டால் என்ன செய்வது

நம் ஊரில் இதற்கு வழியா இல்லை? மூன்று சொல்கிறேன்.

உப்புமூட்டை. செலவில்லை, சாமானுமில்லை. பத்து நிமிஷத் தூரத்துக்கு இதைவிட நல்லது எதுவுமில்லை. முதுகுவலி இருப்பவர்கள் இடுப்பில் கட்டும் இருக்கைப் பட்டை ஒன்று வாங்கிக்கொள்ளலாம். 20 கிலோ வரை தாங்கும் வகை கிடைக்கிறது, சுருட்டினால் பையின் அடியில் போய்விடும்.

தூளி. எங்கள் வீட்டில் வளவுத் தூணை ஒட்டி உத்தரத்தில் இரும்பு வளையம் உண்டு, ஊஞ்சலுக்குப் போட்டது. மத்தியானம் அதில் ஒரு பழைய கண்டாங்கிச் சேலையை மடித்துக் கட்டுவோம். முற்றத்துக் காற்று, அப்பத்தா கையால் ஒரு ஆட்டு. நாலு வயசுக்காரிக்குக் கால் வெளியே தொங்கும், அதற்கென்ன, ஒன்றரை மணி நேரம் தூங்குவாள். பழைய வீட்டில் தங்குகிறவர்கள் வளையம் இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். கட்டும் முன் பெரியவர் ஒருவர் தொங்கிப் பார்க்கட்டும், துருப் பிடித்திருந்தால் வேண்டாம். மின்விசிறிக் கொக்கியில் ஒருநாளும் கட்டாதீர்கள். தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் உயரம் வேண்டாம், கீழே ஒரு மெத்தையைப் போடுங்கள்.

மூன்றாவது, நேரம். பிள்ளை நடைக்கு நடங்கள். ஊர் பார்க்க ஒதுக்கிய நேரத்தை இரட்டிப்பாக்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

சரி, எடுத்துப் போகிறேன் என்கிறவர்களுக்கு

குடை மாதிரி மடியும் வகை, 7 கிலோவுக்குள், தோளில் மாட்ட வார் உள்ளது. இதைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். ஒரு கையால் மடிக்க முடிகிறதா என்று, மறு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு வீட்டிலேயே பாருங்கள். கடையில் விற்பனையாளர் மடித்துக் காட்டுவது எல்லாம் சுலபமாகத்தான் தெரியும்.

காற்றடைத்த டயர் வேண்டாம். இந்த ஊர்ச் சாலையோரமெல்லாம் சீமைக் கருவேலம், முள் தரையில் உதிர்ந்து கிடக்கும். சைக்கிளே அடிக்கடி பஞ்சர் ஆகும். கெட்டி ரப்பரோ ஃபோமோ ஆன சக்கரம் பாருங்கள். சக்கரம் ரொம்பச் சின்னதாக இருந்தால் சாக்கடை மூடிக் கம்பிகளின் இடைவெளியில் மாட்டும்.

வெயிலுக்காக வண்டியின் மேல் துணியைப் போர்த்தாதீர்கள். மெல்லிய துணியானாலும் காற்றோட்டம் நின்று உள்ளே சூடு ஏறும், பிள்ளை முகமும் உங்கள் கண்ணுக்கு மறையும். வண்டியில் உட்காரும் பிள்ளை நம்மைவிடத் தார்ச்சாலைக்குப் பக்கத்தில் இருக்கிறது, நமக்கு உறைக்காத அனல் அதற்கு உறைக்கும். கூரையை விரித்துக்கொண்டு நிழலாகப் பார்த்துத் தள்ளுங்கள். சித்திரை, வைகாசியில் பத்து மணிக்கு மேல் வெளியே தள்ளவே வேண்டாம். கைப்பிடியில் பைகளை மாட்டி, பிள்ளை இறங்கியதும் வண்டி பின்பக்கமாக மல்லாந்துபோவது எல்லோருக்கும் ஒருமுறை நடந்திருக்கும். பையைக் கீழ்த்தட்டில் வையுங்கள்.

இப்போது அந்தக் கல்யாண வீட்டுக் கதை. இரவு பந்தி, ஏழரை மணி. இலையில் உட்காரவைத்தால் மகளின் வாய் மேசைக்குக் கீழே. குழந்தை நாற்காலி கேட்டேன், பரிமாறுகிறவர் பிளாஸ்டிக் நாற்காலிமேல் இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். மகள் மேலே உட்கார்ந்து ஆடிய ஆட்டத்தில் பக்கத்து இலை ரசம் கவிழ்ந்தது, அதுவும் சம்பந்தி வீட்டார் இலை. ஓடிப்போய்க் காரிலிருந்து ஸ்ட்ரோலரை எடுத்து வந்து, பந்தி ஓரமாக நிறுத்தி, பெல்ட்டைப் போட்டு, இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் ஊட்டினேன். முடிந்ததும் சாய்த்துவிட்டேன், நாதஸ்வரத்தையும் மீறி அப்படியே தூங்கிவிட்டாள். நான் நிம்மதியாகக் கவுனி அரிசி இனிப்பு வரை சாப்பிட்டேன். ஆகவே கல்யாணத்துக்கோ அறுபதாம் கல்யாணத்துக்கோ, ஒரே மண்டபத்தில் நாள் முழுக்க இருக்கும் வேலையாக வருகிறீர்கள் என்றால், தயங்காமல் எடுத்து வாருங்கள். அங்கே அது கட்டிலும் நாற்காலியும். ஊர் பார்க்க மட்டும் வருகிறவர்கள் வீட்டிலேயே விட்டுவிடலாம்.

பாதிப் பாதியாக மனசு அடித்துக்கொண்டால், கொண்டுவந்து காரிலேயே போட்டுவைக்கலாம் என்று தோன்றும். டிக்கியில் இடம் இருந்தால் செய்யுங்கள். மூடிய காரில் வெயிலில் கிடந்த வண்டியின் பெல்ட் கொக்கியும் கம்பியும் சுடும், பிள்ளையை உட்காரவைக்கும் முன் கையால் தொட்டுப் பாருங்கள்.

திரும்பும்போது ஒரு வேலை இருக்கிறது. சக்கரத்தில் ஒட்டிய செம்மண் காய்ந்துவிட்டால் எளிதில் போகாது, பெட்டிக்குள் வைத்த வெள்ளைத் துணியெல்லாம் காவியாகும். கிளம்பும் முந்தின இரவே கிணற்றடியில் ஒரு வாளி தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். அச்சில் சுற்றியிருக்கும் நூலையும் முடியையும் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு, திண்ணையில் கவிழ்த்துக் காயவையுங்கள். காலையில் எடுக்கும்போது கைப்பிடியில் யாருடைய துண்டாவது காய்ந்தால், மடித்து உள்ளே கொடுத்துவிட்டு வாருங்கள்.